தூதஞ்சல் பை

தூதஞ்சல் பை அல்லது மெசஞ்சர் பை என்பது, ஒரு தோளின் மேலாகச் சென்று மார்பைக் குறுக்காகக் கடக்கும் ஒற்றை வாரினால் முதுகின் மீது தாங்கப்படும் பை ஆகும். நகரங்களில் மிதிவண்டியில் கடிதங்கள், ஆவணங்கள், சிறு பொதிகள் ஆகியவற்றைக் கொண்டு சேர்க்கும் தூதஞ்சல் பணியாளர்களின் (கூரியர் பணியாளர்களின்) தேவைக்கேற்ப இது இன்றைய வடிவத்தைப் பெற்றது. பின்னர் மாணவர்கள், அலுவலகப் பணியாளர்கள், நாள்தோறும் மிதிவண்டியில் பயணிப்போர் எனப் பலராலும் பயன்படுத்தப்படும் பொதுப் பையாகவும் பரவியது.

தோற்றத்தில் ஒத்திருந்தாலும், தோளில் தொங்கும் எல்லாப் பைகளும் தூதஞ்சல் பைகள் அல்ல. தமிழ்நாட்டில் ஜோல்னாப் பை என அறியப்படும் துணிப்பையும் ஒற்றை வாரில் தொங்குவதே. ஆனால் அது இடுப்பின் பக்கவாட்டில் தளர்வாகத் தொங்கும். தூதஞ்சல் பை முதுகோடு இறுக்கமாகப் பொருந்தி, ஓட்டுநர் குனிந்து மிதிக்கும்போது அசையாமல் இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. கடைகளில் இப்பெயரில் விற்கப்படும் பைகள் பலவும் நடந்து செல்வோருக்கான அலுவலகப் பைகளே. வார் குறுகியதாகவும், நீளத்தை விரைவில் மாற்ற இயலாததாகவும் இருப்பின் அப்பை மிதிவண்டிக்கு உகந்ததன்று.

வரலாறு

மிதிவண்டித் தூதஞ்சல் என்னும் தொழில் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மிதிவண்டி பரவலான காலத்திலேயே தோன்றியது. தந்தி நிறுவனங்கள் செய்திகளை வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் கொண்டு சேர்க்க மிதிவண்டி ஓட்டும் சிறுவர்களையும் இளைஞர்களையும் பணியில் அமர்த்தின. அக்காலத்தில் எடுத்துச் செல்லப்பட்டவை பெரும்பாலும் மடித்த தாள்களே என்பதால், சிறு தோற்பை ஒன்றே போதுமானதாக இருந்தது.

இன்றைய வடிவத்தின் நேரடி முன்னோடியாகக் கருதப்படுவது, 1950களில் நியூயார்க்கைச் சேர்ந்த டி மார்ட்டினி குளோப் கேன்வாஸ் நிறுவனம் கம்பித் தொழிலாளர்களுக்காகத் தயாரித்த கேன்வாஸ் பை ஆகும். மின்கம்பங்களிலும் தொலைபேசிக் கம்பங்களிலும் ஏறிய தொழிலாளர்கள், கம்பத்தைச் சுற்றிய பாதுகாப்பு வாரில் சாய்ந்தபடி வேலை செய்தனர். பையைக் கழற்றாமலேயே அதிலிருந்து கருவிகளை எடுக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது. மிதிவண்டியிலிருந்து முழுமையாக இறங்காமலேயே உறையை எடுத்துக் கொடுக்க வேண்டிய தூதஞ்சல் பணியாளரின் தேவையும் இதுவே. எனவே இப்பை நியூயார்க்கின் மிதிவண்டிப் பணியாளர்களிடையே எளிதில் இடம்பெற்றது.

1980களில் நியூயார்க், சான் பிரான்சிசுகோ, இலண்டன் ஆகிய நகரங்களில் மிதிவண்டித் தூதஞ்சல் உச்சத்தில் இருந்தது. 1987 ஆம் ஆண்டு நியூயார்க் நகர மேயர் எட் காக், மன்ஹாட்டனின் நடுப்பகுதியில் மூன்று முக்கிய நிழற்சாலைகளில் வேலைநாட்களின் பகல் நேரத்தில் மிதிவண்டிகளைத் தடைசெய்ய முயன்றார். பணியாளர்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். நீதிமன்றம் அத்தடையைச் செல்லாததாக்கியது. 1993 ஆம் ஆண்டு மிதிவண்டித் தூதஞ்சல் பணியாளர்களின் முதலாவது உலகப் போட்டி பெர்லினில் நடைபெற்றது.

இக்காலகட்டத்தில் பைகளைத் தயாரிக்கும் சிறு நிறுவனங்கள் பல தோன்றின. மன்ஹாட்டன் போர்ட்டேஜ் 1983 இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. சான் பிரான்சிசுகோவில் தூதஞ்சல் பணியாளராக இருந்த ராப் ஹனிகட் 1989 இல் டிம்பக்2 நிறுவனத்தைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் மார்க்கஸ், டேனியல் பிரைட்டாக் என்னும் உடன்பிறந்தோர் 1993 இல், பழைய சரக்குந்துத் தார்ப்பாய், மிதிவண்டியின் உட்குழாய், மகிழுந்தின் இருக்கைவார் ஆகியவற்றைக் கொண்டு பை தைக்கத் தொடங்கினர். இருக்கைவாரின் உலோகப் பூட்டைத் தோள்வாரில் பொருத்தியதால் அறியப்படும் குரோம் நிறுவனம் 1995 இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் தோன்றியது.

தொலைநகலும், அதன்பின் மின்னஞ்சலும் ஆவணத் தூதஞ்சலின் பெரும்பகுதியை இல்லாமற் செய்தன. மூலக் கையொப்பம் தேவைப்படும் பத்திரங்கள், மருத்துவ மாதிரிகள், அச்சுப்படிகள் போன்றவை மட்டும் எஞ்சின. 2010களில் செயலி வழி உணவு விநியோகம் பெருகியபோது மிதிவண்டிப் பணியாளர்கள் மீண்டும் தெருக்களில் மிகுந்தனர். எனினும் அவர்கள் சுமப்பது பெரும்பாலும் வெப்பம் காக்கும் சதுரப் பெட்டியையே. தூதஞ்சல் பை அத்தொழிலைவிடப் பரவலாக, பொதுமக்களின் பையாக நிலைத்துவிட்டது.

செயல்படும் முறை

மிதிவண்டி ஓட்டுபவரின் உடல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். பை முதுகின் மேல் படுத்திருப்பதால், அதன் எடையின் ஒரு பகுதி நேராக முதுகின் பரப்பில் அழுந்துகிறது. எஞ்சிய பகுதி முதுகின் வழியே இடுப்பை நோக்கி இழுக்கிறது. இப்பகுதியையே தோள்வார் தாங்க வேண்டியுள்ளது. உராய்வைக் கணக்கில் கொள்ளாமல், 8 கிலோகிராம் சுமைக்கு இப்பங்கீடு பின்வருமாறு அமையும்.

- முதுகு நிமிர்ந்த நிலை: முழுச் சுமையும், அதாவது 8 கிலோகிராம் எடையும், வாரின் வழியே தோளில் தொங்கும்.
- முதுகு கிடைமட்டத்திலிருந்து 45 பாகை: முதுகின் மீது ஏறத்தாழ 5.7 கிலோகிராம் அழுத்தம். வாரின் மீது அதே அளவு இழுப்பு.
- முதுகு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை: முதுகின் மீது ஏறத்தாழ 6.9 கிலோகிராம் அழுத்தம். வாரின் மீது 4 கிலோகிராம் இழுப்பு.

குனிந்து ஓட்டும்போது சுமக்க எளிதாகத் தோன்றும் அதே பை, நிமிர்ந்து நடக்கும்போது தோளை அறுப்பதுபோல் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. நிமிர்ந்து அமர்ந்து ஓட்டும் வகை மிதிவண்டிகளில் இப்பையின் நன்மை பெருமளவு குறைந்துவிடுகிறது என்பதையும் இதிலிருந்து அறியலாம்.

பையின் மற்றொரு சிறப்பு, அதனைக் கழற்றாமலேயே திறக்க முடிவதாகும். இடத்தோளில் வார் செல்லுமாயின், வாரைத் தளர்த்திப் பையை வலக்கையின் அடியாக மார்புப் பக்கம் சுழற்றலாம். பொருளை எடுத்தபின் மீண்டும் பின்னே தள்ளி வாரின் நுனியை இழுத்தால் பை இறுகிவிடும். ஒரு பணியாளர் நாளொன்றுக்கு 30 பொதிகளைச் சேர்ப்பதாகக் கொண்டால், பெறுவதற்கும் கொடுப்பதற்குமாகப் பையை 60 முறை திறக்க நேரிடும். ஒவ்வொரு முறையும் 15 விநாடிகள் மிச்சமானால் நாளொன்றுக்கு 15 நிமிடங்கள் கிடைக்கின்றன. பொதிக்கு இவ்வளவு எனக் கூலி பெறுவோருக்கு இது வருமானம் சார்ந்த செய்தியாகும்.

பாகங்கள்

தோள்வார்: சுமையைத் தாங்கும் முதன்மைப் பகுதி. ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் அகலமுள்ள, நெருக்கமாக நெய்த நைலான் அல்லது பாலியெஸ்டர் நாடா இதற்குப் பயன்படுகிறது. நைலான் நீரை உறிஞ்சிச் சற்று நீளும் இயல்புடையது. பாலியெஸ்டர் நனைந்தாலும் நீளம் அதிகம் மாறுவதில்லை. தோளில் படும் இடத்தில் மெத்தை இருத்தல் நன்று. ஆனால் தடித்த மெத்தையைவிட வாரின் அகலமே அழுத்தத்தைக் குறைப்பதில் முதன்மையானது.

பக்கிள்: வாரின் நீளத்தை மாற்றும் பூட்டு. நெம்புகோல் போன்ற பல்லினால் நாடாவைக் கவ்விப் பிடிக்கும் வகை, ஒரே கையால் தளர்த்தவும் இறுக்கவும் ஏற்றது. மகிழுந்து இருக்கைவாரின் பூட்டு, பொத்தானை அழுத்தியவுடன் வாரை முழுவதுமாக விடுவிக்கும். கையுறை அணிந்த நிலையிலும் இயக்க முடிகிறதா என்பது குளிர்நாடுகளில் முக்கியமான சோதனையாகும்.

நிலைவார்: பையின் கீழ் மூலையிலிருந்து மார்பின் குறுக்கே அல்லது இடுப்பைச் சுற்றி வந்து தோள்வாரில் இணையும் மெல்லிய இரண்டாவது வார். சுமை தாங்குவது இதன் வேலையன்று. ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்து மிதிக்கும்போதும், தடையைக் கண்டு திடீரென விலகும்போதும் பை பக்கவாட்டில் நழுவாமல் காப்பதே இதன் பணியாகும். பயன்படுத்தாதபோது கழற்றி வைக்கும்படி இது அமைந்திருக்கும்.

மடல்: பையின் வாயை மூடும் அகன்ற துணி. பை நிறையப் பொருள் இருக்கும்போதும் வாயின் இரு ஓரங்களையும் மூடும் அளவுக்கு இது நீளமாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். மடலை இருத்த வெல்குரோ, பக்கிள் ஆகிய இரண்டும் பயன்படுகின்றன. வெல்குரோ விரைவானது. எனினும் தூசியும் நூலும் சிக்கினால் பிடிப்பு குறையும். திறக்கும்போது ஓசை எழும். ஆதலால் இரண்டும் உள்ள பைகளே பெரும்பாலும் விரும்பப்படுகின்றன.

இவற்றைத் தவிர, பேனா, சாவி, கைப்பேசி ஆகியவற்றுக்கான சிறு பைகள், பின்விளக்கை மாட்டும் நாடா வளையம், வண்டி விளக்கின் ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் பட்டைகள் ஆகியனவும் இடம்பெறுகின்றன.

துணி வகைகள்

நூலிழையின் பருமன் டெனியர் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. 9000 மீட்டர் நீளமுள்ள இழையின் கிராம் எடையே அதன் டெனியர் எண் ஆகும். ஆகவே 1000 டெனியர் இழை 9 கிலோமீட்டருக்கு 1 கிலோகிராம் எடையிருக்கும். டெனியர் எண் இழையின் பருமனை மட்டுமே குறிக்கும். நெசவின் நெருக்கத்தையோ நீர்காப்பையோ அது குறிப்பதில்லை.

- கேன்வாஸ்: தடித்த பருத்தித் துணி. பழுது பார்க்க எளிது. நனைந்தால் எடை கூடும். ஈரத்துடன் மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.
- கோர்டுரா: டூபான்ட் நிறுவனத்தின் வணிகப் பெயராகத் தோன்றியது. பைகளில் 500 அல்லது 1000 டெனியர் நைலான் வகை மிகுதியாகப் பயன்படுகிறது. உராய்வைத் தாங்குவதில் சிறந்தது.
- பாலிஸ்டிக் நைலான்: இரண்டாம் உலகப் போரில் விமானப் படையினரின் காப்பு உடைகளுக்காக உருவாக்கப்பட்ட கூடைப்பின்னல் நெசவு. எளிதில் கிழியாதது, சற்று விறைப்பானது.
- பிவிசி தார்ப்பாய்: பாலியெஸ்டர் வலைத்துணியின் மீது பிவிசி பூசப்பட்டது. நீர் புகாதது, விலை குறைந்தது, எடை மிகுந்தது. கடுங்குளிரில் விறைக்கும்.

நீர்காப்பு

நீர் புகாத துணியால் தைக்கப்பட்டது என்பதாலேயே ஒரு பை நீர் புகாததாகிவிடாது. தையல் ஊசியின் ஒவ்வொரு துளையும் நீர் நுழையும் வழியாகும். இதனைத் தடுக்க மூன்று முறைகள் கையாளப்படுகின்றன.

முதலாவது, வெளிப்புறத்தில் கோர்டுராவும் உட்புறத்தில் தனித்துத் தொங்கும் தார்ப்பாய் உறையுமாக இரண்டு அடுக்குகள் அமைப்பது. உள் உறை வாய்ப்பகுதியில் மட்டும் வெளித்துணியுடன் தைக்கப்படுவதால், வெளித்தையல் வழியே வரும் நீர் உள்ளே செல்வதில்லை. இரண்டாவது, தையலின் மேல் நீர்காப்பு நாடாவை வெப்பத்தால் ஒட்டுவது. மூன்றாவது, ஊசி நூலே இன்றிப் பிவிசித் துணிகளை உயர் அலைவெண் மின்புலத்தால் உருக்கி இணைப்பது. மிதிவண்டிப் பைகளுக்குப் பெயர்பெற்ற செருமனியின் ஓர்ட்லீப் நிறுவனப் பைகள் பல இவ்வாறு இணைக்கப்பட்டவை.

வாய்ப்பகுதியும் கவனத்திற்குரியது. மடல் வகைப் பையில், சாரல் பக்கவாட்டில் அடிக்கும்போது மூலைகளின் வழியே நீர் நுழையலாம். வாயைச் சுருட்டி மூடும் வகையில் இக்குறை இல்லை. ஆனால் திறக்க நேரம் கூடுதலாகும். பாலியூரித்தேன் பூச்சு, ஈரமும் வெப்பமும் சேர்ந்த சூழலில் சில ஆண்டுகளில் சிதைந்து பிசுபிசுப்பாகி உரியக்கூடியது. வெப்பமண்டல நாடுகளில் பழைய பைகளின் உட்புறம் ஒட்டுவதற்கு இதுவே காரணம்.

கொள்ளளவும் எடையும்

தூதஞ்சல் பைகளின் கொள்ளளவு ஏறத்தாழ 10 லிட்டரிலிருந்து 50 லிட்டர் வரை வேறுபடுகிறது. நடுத்தரம், பெரியது போன்ற சொற்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுவதால், லிட்டர் அளவையும் அடிப்பகுதியின் அகலத்தையும் ஒப்பிடுதல் வேண்டும்.

பெரிய பை எப்போதும் சிறந்த பையன்று. சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள ஏ4 தாள்கள் 500 கொண்ட ஒரு கட்டு ஏறத்தாழ 2.5 கிலோகிராம் எடையும், 3 லிட்டருக்குச் சற்று மிகுந்த பருமனும் உடையது. 30 லிட்டர் பையில் இத்தகைய ஒன்பது கட்டுகள் அடங்கிவிடும். எடையோ 22 கிலோகிராமைத் தாண்டிவிடும். ஒற்றைத் தோளுக்கு இது மிகையான சுமையாகும். அதே பையில் துணிகளை நிறைத்தால் சில கிலோகிராம் மட்டுமே இருக்கும். எனவே தாள், நூல் போன்ற அடர்த்தியான பொருட்களைச் சுமப்போருக்கு எல்லையாக அமைவது கொள்ளளவன்று, எடையே.

தேர்ந்தெடுக்கும் முறை

பை வாங்குவோர் பின்வரும் வரிசையில் ஆராய்தல் பயன் தரும்.

1. வழக்கமாகச் சுமக்கும் பொருட்களை ஒன்றாக அடுக்கி, நீளம், அகலம், உயரம், எடை ஆகியவற்றை அளத்தல். ஆண்டில் ஓரிரு முறை மட்டும் தேவைப்படும் பெரிய சுமைக்காகப் பையின் அளவைத் தீர்மானித்தல் கூடாது.
2. மடிக்கக் கூடாத பொருளில் மிகப் பெரியது எது எனக் கண்டறிதல். ஏ4 கோப்பு, மடிக்கணினி, வரைபடச் சுருள் என அது எதுவாயினும், பை அதனை வளைக்காமல் ஏற்க வேண்டும்.
3. எத்தோளில் அணிவது எனத் தீர்மானித்தல். சில பைகளின் வார் ஒரு தோளுக்கு ஏற்பச் சாய்வாகத் தைக்கப்பட்டிருக்கும். அவற்றை மறு தோளில் அணிய இயலாது.
4. கடையிலேயே ஏறத்தாழ 5 கிலோகிராம் பொருளை இட்டு, வாரை இறுக்கி, மிதிவண்டியில் அமர்வதுபோல் குனிந்து பார்த்தல். தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும்போது பை கண்ணை மறைக்கக் கூடாது. தலைக்கவசத்தில் இடிக்கவும் கூடாது.
5. ஒரே கையால் தளர்த்தி, முன்னே சுழற்றி, திறந்து, மூடி, மீண்டும் இறுக்கிப் பார்த்தல்.
6. வாரும் பையும் சேரும் இடத்தைச் சோதித்தல். அங்கே பெட்டி வடிவில் குறுக்குத் தையல் இருத்தல் வேண்டும். ஒற்றை வரித் தையல் நெடுநாள் தாங்காது.
7. வாங்கியபின், உள்ளே செய்தித்தாளை இட்டு மூடி, பத்து நிமிடம் நீரைப் பொழிந்து சோதித்தல். தாள் நனைந்த இடம் நீர் நுழையும் இடத்தைக் காட்டிவிடும். விலையுயர்ந்த ஆவணத்தை இட்டுச் சோதிப்பதைவிட இது மேலானது.

உடல்நலமும் பாதுகாப்பும்

ஒரு பக்கச் சுமையைத் தாங்க உடல் மறுபக்கமாகச் சாய்ந்து ஈடுசெய்கிறது. நாள்தோறும் பல மணி நேரம் இவ்வாறு நிகழ்ந்தால் கழுத்து, தோள், கீழ்முதுகு ஆகிய இடங்களில் வலி தோன்றக்கூடும். தோளை அவ்வப்போது மாற்றுவதும், நடக்கும்போது பையைக் கழற்றிக் கையில் கொள்வதும், தேவையற்ற பொருட்களை நாள்தோறும் நீக்குவதும் சுமையைக் குறைக்கும். கை மரத்துப்போதல், விரல்களில் கூச்சம் போன்றவை தோன்றினால் வார் நரம்பை அழுத்துகிறது எனக் கருதி, அப்பையைப் பயன்படுத்துவதை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும்.

ஓட்டத்தின்போது பை முன்னே நழுவினால், அது முழங்காலில் இடித்து மிதிப்பதைத் தடுக்கும். கைப்பிடியின் மீது விழுந்தால் வண்டியின் திசையையே மாற்றிவிடும். பெரும்பாலும் இது நிகழ்வது, வாரை இறுக்காமல் அவசரமாகப் புறப்படும்போதாகும். வாரின் நீண்ட நுனி சக்கரத்தில் சிக்காதவாறு மடித்துச் செருகுதல் வேண்டும்.

இரும்புப் பூட்டு, குறடு போன்ற கடினமான பொருட்களை முதுகெலும்பை ஒட்டி வைத்தல் ஆபத்தானது. மல்லாந்து விழ நேர்ந்தால் அவை நேராக முதுகெலும்பில் மோதும். பூட்டை மிதிவண்டியின் சட்டத்தில் பொருத்துவதே சிறந்தது. இயலாவிடில் தட்டையான, மென்மையான பொருட்களை முதுகுப் பக்கமும், கடினமானவற்றை வெளிப்பக்கமும் அடுக்கலாம். பை பின்புறத்தை மறைப்பதால், உடையிலோ இடுப்பிலோ மாட்டிய விளக்கு பிறருக்குத் தெரியாமற் போகலாம். இரவில் விளக்கைப் பையின் மேற்பரப்பிலோ வண்டியிலோ மாட்டுதல் வேண்டும்.

பிற வகைகளுடன் ஒப்பீடு

இரு தோள்களிலும் அணியும் முதுகுப்பை, சுமையைச் சமமாகப் பகிர்வதால் நீண்ட தொலைவுக்கும் மிகுந்த எடைக்கும் ஏற்றது. ஆனால் பொருளை எடுக்கக் கழற்ற வேண்டும். மிதிவண்டியின் பின்தாங்கியில் தொங்கும் பக்கப்பைகள் உடலுக்குச் சுமையே தருவதில்லை. எடை தாழ்வாக இருப்பதால் வண்டியும் நிலையாக ஓடும். எனினும் வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அவற்றைக் கழற்றி எடுத்துச் செல்லுதல் கடினம். பெரிய பொதிகளுக்குச் சுமைமிதிவண்டியே உகந்தது.

சுருங்கக் கூறின், அடிக்கடி நிறுத்தி, அடிக்கடி திறந்து, குறைந்த எடையுடன் குறுகிய தொலைவு செல்வோருக்கே தூதஞ்சல் பை முழுப் பயன் தருகிறது. காலையில் ஒரு முறை அணிந்து மாலையில் ஒரு முறை கழற்றும் பயணிக்கு, முதுகுப்பையோ பக்கப்பையோ உடலுக்கு நலம் பயப்பதாகும்.

பராமரிப்பு

பூச்சுள்ள துணிகளைச் சலவை இயந்திரத்தில் இடுதல் பூச்சைச் சிதைக்கும். மென்மையான சவர்க்காரமும் குளிர்ந்த நீரும் கொண்டு துடைத்து, உட்புறம் வெளியே தெரியுமாறு திறந்து, நிழலில் உலர்த்த வேண்டும். நைலான் நேரடி வெயிலில் வலுவிழக்கும். வெல்குரோவில் சிக்கிய நூலைப் பழைய பல்துலக்கியால் நீக்கலாம். வார் இணைப்புத் தையலையும் பக்கிளின் பற்களையும் திங்களுக்கு ஒரு முறையேனும் பார்வையிடுதல் நன்று. தையல் முழுவதும் பிரியும் முன்பாகவே, காலணி தைப்போரிடம் தடித்த நைலான் நூலால் மீண்டும் தைத்துக்கொண்டால் பையின் ஆயுள் நீளும். துணி கிழிந்து பயனற்றுப்போகும் பைகளைவிட, வார் இணைப்பு அறுந்ததால் கைவிடப்படும் பைகளை எளிதில் மீட்கலாம்.